தட்டுவடை செட்டும் வேற்றுநாட்டவர் வரிசையும்

1

சேலத்தில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார், நம்ம ஊரு தின்பண்டத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க. வெளிநாட்டுல இருந்து எழுதுனா ஒரு ஏக்கம் இருக்கும். படிக்கறவங்களுக்குப் பிடிக்கும்."

ஒப்புக்கொண்டு ஐந்து மாதமாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. அந்த ஐந்து மாதமும் நான் தேசம் மாறிக்கொண்டிருந்தேன். அது நேரம் பிடிக்கிற வேலை.

நான் இருப்பது கிள்ளானில். கோலாலம்பூரிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரம். துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் சுங்கப் பத்திரம் தயாரித்தேன். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்தக் கவுண்டரில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார், எந்த இடத்தில் கையெழுத்து, எந்த இடத்தில் சுருக்கொப்பம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் பாதிப் பேர் காகிதத்தோடு என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். "அங்கிள், இதுல எங்க சைன் பண்ணணும் லா?" காட்டுவேன். அவர்கள் கொண்டுவரும் வாழைப்பழத்தை வாங்கிக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்டவனுக்குக் கட்டிய மனைவியோடு ஒரே வரிசையில் நிற்க நாற்பது வருடம் பிடித்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தின்பண்டம் இடையில் தானாக வரும்.

2

தட்டுவடை செட்டைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இதழ் ஈரோட்டுக்கும் போகிறது என்று நண்பர் சொல்வதால் விளக்குகிறேன். உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு தட்டுவடை. அதன்மேல் பச்சைச் சட்னி ஒரு தடவல், சிவப்புச் சட்னி ஒரு தடவல். துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம். எலுமிச்சை இரண்டு சொட்டு. மேலே இன்னொரு தட்டுவடையை மூடி. அவ்வளவுதான். முழுதாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தால் பாதி சட்டைக்குப் போய்விடும். தட்டில் வைத்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிடாவிட்டால் வடை நமுத்துவிடும். ஆகவே வண்டிக்காரர் நம் வாயைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை அடுக்குவார்.

லீலாவை நான் முதலில் பார்த்தது பட்டைக்கோயில் பக்கம் அப்படியொரு வண்டியின் அருகில்தான். கிள்ளானிலிருந்து வந்து சேலத்தில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்புக்குத் தமிழ்நாடு வந்தார்கள். வண்டிக்காரரிடம் அவள் வழக்காடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஆறு செட்டு தாப்பாவ் பண்ணிக் குடுங்க. ஹாஸ்டல்ல எல்லாருக்கும்."

"என்ன பண்ணணும்?"

"கட்டிக் குடுங்கண்ணே. பார்சல்."

"இதக் கட்டித் தர முடியாதும்மா. ஹாஸ்டல கூட்டிக்கிட்டு வா."

மலேசியாவில் உலகத்தில் உள்ள எதையும் பொட்டலம் கட்டித் தருவார்கள். சூடான தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் தாப்பாவ். அது முடியாது என்று ஒருவர் சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை. நான் நடுவில் புகுந்து ஒரு யோசனை சொன்னேன்: வடை தனி, சட்னி தனி, காய் தனி. அதுதான் என் முதல் ஆவண சேவை. மறுநாள் அதே வண்டிக்கு அவள் ஹாஸ்டலோடு வந்தாள். இரண்டு வருடம் கழித்து நான் கிள்ளானுக்குப் போனேன்.

3

வெளிநாட்டு மாப்பிள்ளையாக ஒரு நாட்டுக்குள் வருவது பற்றித் தனியாக ஒரு கையேடே எழுதலாம். என் அனுமதி ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் மனைவி நேரில் வந்து "ஆமாம், இவர் என் கணவர்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார்" என்று கையெழுத்துப் போட வேண்டும். லீலா பள்ளிக்கூட வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருவாள். நிறைமாதத்தோடு வந்தாள். ஒருமுறை சண்டை போட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தபோதும் வந்து, என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு நிரந்தரவாசி ஆனேன். குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, எனக்குச் சிவப்பு.

அந்தப் பதினான்கு வருடத்தில் அவள் செய்த இன்னொரு காரியம் தட்டுவடை செட்டைக் கெடுத்தது. அப்படித்தான் நான் சொல்லிவந்தேன்.

முதலில் பீட்ரூட் போனது. "கையெல்லாம் கறை, துணியெல்லாம் கறை" என்றாள். பதிலுக்குச் செங்குவாங் வந்தது. இங்கே சந்தையில் கிடைக்கும் ஒரு கிழங்கு. தோலை உரித்தால் வெள்ளையாக, பேரிக்காய் போல நறுக்கென்று, நீர் நிறைந்திருக்கும். ரோஜாக் என்ற காய்கனிக் கலவையில் போடுவார்கள். பிறகு அந்த ரோஜாக்கிலிருந்தே வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் இறங்கி வந்து செட்டின் மேல் உட்கார்ந்தது. எலுமிச்சை போய், கோலிக்குண்டு அளவில் இங்கே விளையும் சின்ன எலுமிச்சை வந்தது. தட்டுவடை மட்டும் அவளே தட்டினாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆகவே மற்றதில் சொன்னேன்.

"இது செட் இல்ல லீலா. ரோஜாக்குக்குத் தொப்பி போட்டிருக்க."

"சாப்பிடாதீங்க."

சாப்பிட்டேன். நாற்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட்டேன். நாற்பது வருடமும் இதையே சொன்னேன். மகள் கவிதா சின்ன வயதில் என் வாக்கியத்தை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். தட்டு மேசைக்கு வரும்போதே, "அப்பா, தொப்பி வந்துருச்சு" என்பாள். சேலம் அவளுக்கு அவ்வளவுதான்: அப்பா சாப்பிட்டுக்கொண்டே குறை சொல்வதற்கு ஒரு காரணம்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் சில வருடம் முன்பு ஓர் உணவகத்தில் "சேலம் ஸ்பெஷல்" என்று பலகை பார்த்துவிட்டு நானும் லீலாவும் நுழைந்தோம். கறுப்புக் கல் பலகையில் மூன்று தட்டுவடை வந்தது. மேலே வெள்ளையாக ஏதோ பிழிந்திருந்தார்கள். பரிமாறியவரிடம் கேட்டேன்.

"மயோனைஸ், பாஸ். நம்ம சிக்னேச்சர்."

"தம்பி எந்த ஊர்?"

"ராம்நாடுண்ணே. சேலம் மாஸ்டர் போன மாசம் ஓடிட்டாரு."

லீலா ரோட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தாள். "என் தொப்பி தேவலையா?" என்று கேட்டாள். நான் ரயில் நேரத்தைப் பார்த்தேன்.

4

நாங்கள் கடைசியாகச் சேலம் போனது நான்கு வருடத்துக்கு முன். சென்னை விமான நிலையத்தில் வழக்கம்போலப் பிரிந்தோம். நான் இந்தியர் வரிசை, அவள் வேற்றுநாட்டவர் வரிசை. என் வரிசை பத்து நிமிடத்தில் நகர்ந்துவிடும். முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், பெட்டிகளை எடுத்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் வந்ததும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பேன். இதுவும் நாற்பது வருடப் பழக்கம்.

அந்த முறை அவள் வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். அவளுக்கு முழங்கால் அறுவை முடிந்து எட்டு மாதம். சக்கர நாற்காலி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். வரிசையின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைசுற்றல். ஜப்பானியரோ கொரியரோ, ஒரு பெண் தன் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நடந்தேன். காவலர் கையை நீட்டினார்.

"சார், முத்திரை ஆயிடுச்சு. திரும்பப் போக முடியாது."

அவர் சொன்னது சரி. எந்த விதியில் அப்படி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். அதனால் வாதாடவும் முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். வெளியே வந்தவளிடம் ஏன் நேரமாயிற்று என்று கேட்கவில்லை.

சேலத்தில் என் அண்ணன் காலமான பிறகு வீடு கைமாறிவிட்டது. விடுதியில்தான் தங்கினோம். மாலையில் லீலா படுத்திருக்க, நான் மட்டும் கடைவீதிப் பக்கம் போனேன். பழைய வண்டிக்காரர் இல்லை. செல்வி என்று ஓர் அம்மாள் வண்டி போட்டிருந்தார்.

"வாங்க சார். காரம் தூக்கலாவா, மட்டாவா?"

எல்லாம் சரியாக இருந்தது. பீட்ரூட் சரி, பூண்டு சரி, வடையின் மொறுமொறுப்பு சரி. மூன்று செட் சாப்பிட்டேன். மூன்றாவதை மெல்லும்போது நாக்கு எதையோ தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நறுக்கென்று நீர் விடவேண்டிய ஒன்று அங்கே இல்லை. கொஞ்சம் கடலைகூட இல்லை. பல் போன வயதில் இப்படித்தான் ஏதாவது தோன்றும் என்று முடிவு செய்து, விடுதிக்குத் திரும்பினேன்.

"எப்டி இருந்துச்சு?" என்றாள் லீலா.

"அதுதான் செட்டு" என்றேன்.

5

திரும்பி வந்ததும் லீலா அறிவித்துவிட்டாள். "ஒரே வரிசைன்னா நான் வரேன். இல்லாட்டி நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

இந்தியக் குடிமகனின் மனைவிக்கென்று ஓர் அட்டை உண்டு, அதை வாங்கினால் உனக்கு விசாவே தேவைப்படாது என்று அதன் நடைமுறை முழுவதையும் விளக்கினேன். தேவையான ஆவணப் பட்டியலும் எழுதினேன். பட்டியலை வாங்கி மடித்து மேசைமேல் வைத்தாள்.

"பதினாலு வருஷம் உங்க பெர்மிட்டுக்கு நான் லீவு போட்டுட்டு வந்தேன். இப்ப என் வரிசைக்கு நீங்க வாங்க."

அதாவது நான் மலேசியக் குடியுரிமை வாங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள விதி இல்லை. அவள் இல்லாமல் சேலத்துக்குப் போவதும் என்னால் முடியாது. தனியாகப் போய் விடுதி அறையில் உட்கார்ந்து யாரிடம் குறை சொல்வது?

குடியுரிமைக்கு ஒரு தடவை ஏற்கெனவே போய்த் தோற்றிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன். பிழை என்னுடையது. நேர்காணல் மலாயில் நடக்கும். நான் மலாய் கற்றது துறைமுகத்தில் லோரி ஓட்டுநர்களிடம். அதிகாரி முன் நாற்காலியில் உட்கார்ந்து, "நான்" என்பதற்கு அவர்கள் சொல்லும் "குவா"வையே சொல்லிவிட்டேன். தமிழில் நீதிபதியிடம் "ஏ, நம்ம கேஸ பாருப்பா" என்பது போல. "எஞ்சிக், இது அலுவலகம்" என்றார் அவர், ‘ஐயா’ என்பதற்கான அந்தச் சொல்லோடு, மிகவும் மரியாதையாக. அந்த மரியாதை தாங்காமல் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை.

இந்த முறை கவிதா பொறுப்பெடுத்துக்கொண்டாள். இடைநிலைப் பள்ளியில் மலாய் ஆசிரியை. "அப்பா, கண்டிப்பா ஃபேவரிட் சாப்பாடு கேப்பாங்க. நாசி லெமாக்னு சொல்லுங்க. நான் எழுதித் தரேன்."

"எனக்கு அது வயித்துக்கு ஆகாதே."

"வயிறு எக்ஸாம் எழுதல. நீங்கதான்."

தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, வேர்க்கடலை என்று பன்னிரண்டு வாக்கியம். நேர்காணல் நடக்கும் ஷா ஆலம் போகிற வழி முழுக்கக் காரில் ஒப்பித்தேன். துணைவியாரும் வரவேண்டும் என்று அழைப்பில் இருந்ததால் லீலா பக்கத்தில் உட்கார்ந்து, நான் நிறுத்திய இடங்களில் எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி ஒரு பெண், கவிதாவைவிட இளையவர். புன்னகையோடு உட்காரச் சொன்னார். என்னைப் பாக்சிக் என்று அழைத்தார், மாமா என்பது போல. வேலை, பிள்ளைகள், அக்கம்பக்கம் எல்லாம் கேட்டார். குவா எங்கும் தலைகாட்டவில்லை. பிறகு அந்தக் கேள்வி வந்தது. பன்னிரண்டில் நான்கு வாக்கியம் சொல்லியிருப்பேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"பாக்சிக், காலையிலேர்ந்து நீங்க அஞ்சாவது நாசி லெமாக். எனக்கே சலிச்சுப் போச்சு. நெஜமா என்ன பிடிக்கும்?"

லீலாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, உண்மையைச் சொன்னால் என்ன, மிஞ்சிப்போனால் இன்னொரு பன்னிரண்டு வருடம் என்று தோன்றியது.

தட்டுவடைக்கு மலாயில் சொல் இல்லை. ஆனால் முறுக்கு அவர்களுக்குத் தெரியும். "முறுக்கைப் பிழியாமல் தட்டையாகத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி" என்று தொடங்கினேன். மேசையில் இருந்த இரண்டு நாணயங்களை எடுத்து அடுக்கிக் காட்டினேன். பச்சை, சிவப்பு, காய், மேலே மூடி. அதிகாரி முன்னால் சாய்ந்துவிட்டார். என்ன காய் என்று கேட்டார்.

"கேரட், வெங்காயம், செங்குவாங், மேலே கடலை..."

"ஐயோ, சேலத்துல ஏதுங்க செங்குவாங்? அது நான் போடுறது" என்றாள் லீலா தமிழில்.

"புவான் என்ன சொல்றாங்க?" என்று லீலாவைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

மொழிபெயர்த்தேன். சரக்கு விவரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டவன் திருத்துவதுபோலத்தான் இருந்தது. அந்த ஊரில் பீட்ரூட், இந்த அம்மாள் செங்குவாங் போடுகிறார் என்றேன்.

"அப்ப பாக்சிக்குக்குப் பிடிச்சது எது? அந்த ஊரு செட்டா, புவான் பண்றதா?"

இது தேர்வுக் கேள்வியா, வெறும் ஆர்வமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சொன்ன பதில் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. லோரி மலாய்தான், வேறு கிடைக்கவில்லை.

"யாங் சானா பெத்துல். யாங் சினி, சாயா மாக்கான்."

அங்கே இருப்பது சரியானது. இங்கே இருப்பதைத்தான் நான் சாப்பிடுகிறேன்.

பிறகு கேட்காமலே மீதியையும் சொன்னேன்: கடைசிப் பயணத்தில் மூன்று செட் சாப்பிட்டதை, நாக்கு எதைத் தேடியது என்பதை. அதிகாரி ஏதோ எழுதினார். எதிரிலிருப்பவர் எழுதுவதைத் தலைகீழாகப் படிப்பது என் தொழில். அன்று படிக்கவில்லை. லீலா நாட்காட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தால் நீங்கள் லீலாவை அறியாதவர்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினாள்.

"நாப்பது வருஷமா 'ரோஜாக்குக்குத் தொப்பி'ன்னு சொன்ன வாய்தானே இது?"

"ஆமா."

"வீட்ல ஒரு நாளு சொல்லிருக்கீங்களா? 'அதுதான் செட்டு'ன்னு வந்து நின்னீங்க. யாரோ ஒரு பொண்ணு சீட்டுல உக்காந்து கேட்டாத்தான் உண்மை வருமா?"

"அதிகாரி முன்னால சொன்னாத்தான் லீலா செல்லுபடியாகும்."

அது நகைச்சுவைக்கான நேரம் இல்லை என்பது அடுத்த ஞாயிறு புரிந்தது. தட்டு வந்தது. பீட்ரூட். எலுமிச்சை. கடலை இல்லை, செங்குவாங் இல்லை. அசல் சேலம். கை முழுக்கச் சிவப்புக் கறையோடு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். நான்கு ஞாயிறு அதையே செய்தாள். எனக்குக் கிடைத்த தண்டனைகளில் நியாயமானது அதுதான். ஒவ்வொரு தடவையும், "லீலா, கொஞ்சம் செங்குவாங் இருந்தா நல்லாருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஐந்தாவது ஞாயிறு சந்தைப் பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். "உரிங்க" என்றாள். அன்றிலிருந்து உரிப்பது என் வேலை.

7

கடிதம் ஐந்து மாதத்துக்கு முன் வந்தது. ஏற்கப்பட்டது. உறுதிமொழி எடுத்தேன், நீல அட்டை வாங்கினேன், இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தேன். ரத்து முத்திரை குத்தி, மூலையை வெட்டி, நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். இதில் வருத்தம் இருந்ததா என்று நண்பர் கேட்பார். இருந்தது. அதை எந்தப் பெட்டியில் நிரப்புவது என்று தெரியாததால் சும்மா விட்டுவிட்டேன்.

போன வாரம் சேலம் போக விசாவுக்கு உட்கார்ந்தோம். லீலா தனக்குப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் திணறினேன். எல்லா ஊர்ப் படிவமும் நிரப்பியவன், என் ஊருக்குப் போகும் படிவத்தை அதுவரை பார்த்ததே இல்லை. அவள் அதை நாற்பது வருடமாகத் தனியாக நிரப்பியிருக்கிறாள்.

ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். "இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவர்: பெயர், முகவரி, தொலைபேசி."

அண்ணன் இல்லை. வகுப்புத் தோழர்களில் மிச்சமிருந்த இருவர் சென்ற தொற்றுக் காலத்தில் போனார்கள். சிற்றிதழ் நண்பர் இருக்கிறார், ஆனால் கட்டுரையே கொடுக்காமல் அவர் பெயரைப் போட முகமில்லை.

"இதுல நீ யாரு பேரப் போட்டிருக்க?"

"செல்வி."

"எந்தச் செல்வி?"

"தட்டுவட வண்டி செல்வி. நீங்க போய்ட்டு வந்த மறுநாள் சாயங்காலம் நானும் போனேன்ல? நம்பர் வாங்கிட்டு வந்தேன். வாரம் ஒருக்கா பேசுவோம். அவங்க பொண்ணு இப்ப நர்ஸிங் படிக்குது."

நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நானும் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ளலாம் என்றாள். ஒருவரைச் சாட்சியாகக் குறிப்பிடுமுன் அவர் சம்மதம் பெறுவதுதான் முறை. ஆகவே நானே தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்டன. என் பெயரைச் சொன்னேன். புரியவில்லை. சேலத்தில் பிறந்தவன், செவ்வாய்ப்பேட்டையில் இன்ன தெரு, இன்னாருடைய தம்பி என்றெல்லாம் சொன்னேன். அதுவும் எட்டவில்லை. கடைசியில் லீலாவின் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம மலேசியாக்கா வூட்டுக்காரரா! அத மொதல்ல சொல்லக் கூடாதுங்களா? தாராளமா போட்டுக்கங்க சார். அக்காவ கூட்டிக்கிட்டு வாங்க, ஊர நான் சுத்திக் காட்டறேன்."

நன்றி சொல்லிவிட்டு, அவர் பெயரைப் படிவத்தில் எழுதினேன்.